நரை: மறைக்க வேண்டிய குறையா, மதிக்க வேண்டிய கண்ணியமா?

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்...

எல்லாப் புகழும் அகிலங்களைப் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான கண்மணி நாயகம் முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அவர்களது குடும்பத்தார், தோழர்கள், அவர்கள் வழிநடந்த நல்லடியார்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

கண்ணியத்திற்குரிய ஜமாஅத்தார்களே! பெரியோர்களே! இளைஞர்களே! எனக்கும் உங்களுக்கும் தக்வாவைக் கொண்டு முதலில் உபதேசம் செய்துகொள்கிறேன்.

குற்றாலத்தில் சாரல் கட்டிவிட்டது. சீசன் ஆரம்பித்துவிட்டால் நம் தென்காசியில் எந்தக் கடைக்குப் போனாலும் கூட்டம்தான். சென்ற வாரம் முடி வெட்டுவதற்காக ஒரு சலூனில் காத்திருந்தேன். அப்போது ஒரு சகோதரர் உள்ளே வந்தார். தோளில் ஒரு பை. கையில் கயிறு கட்டிய அட்டைப்பெட்டி. திருவனந்தபுரத்தில் விமானம் இறங்கி, செங்கோட்டை வழியாக பஸ்ஸில் வந்து, வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக சலூனுக்கு வந்திருக்கிறார். பெட்டியை ஓரமாக வைத்தார். "அண்ணே, தலைக்கும் தாடிக்கும் டை அடிச்சு விடுங்க. நல்ல கறுப்பா இருக்கணும்" என்றார்.

நான் ஸலாம் சொல்லி விசாரித்தேன். சவூதியில் வேலை. நான்கு வருடம் கழித்து வந்திருக்கிறார். வயது நாற்பத்து மூன்று. "முதல்ல வீட்டுக்குப் போயிட்டு வரலாமே தம்பி" என்றேன். அவர் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "இப்படியே போனா உம்மா அழுதுருவாங்க ஹஜ்ரத். நான் போகும்போது தலையில ஒரு வெள்ளை முடி கிடையாது. இப்பப் பாருங்க."

இரண்டு தங்கைகளைக் கட்டிக் கொடுத்தவர் அவர். வாப்பாவின் மருத்துவக் கடனை அடைத்தவர். அதையெல்லாம் அவர் பெருமையாகச் சொல்லவில்லை. நான் கேட்டதற்குப் பதிலாகச் சொன்னார், அவ்வளவுதான்.

மார்க்கச் சட்டம் எனக்குத் தெரியும். கறுப்புச் சாயத்தைத் தவிர்க்க வேண்டும் என்று ஹதீஸ் இருக்கிறது. ஏழு வருடம் மத்ரஸாவில் ஓதியவன் நான். ஆனால் அந்த இடத்தில் என் நாக்கு எழவில்லை. சட்டத்தை மட்டும் சொல்லியிருந்தால் அவர் மனம் உடைந்திருக்கும். சட்டத்தோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய ஒன்று இருந்தது. அது அப்போது எனக்கு வார்த்தையாக வரவில்லை. அன்று சொல்லாமல் விட்டதைத்தான் இன்றைய ஜும்ஆவில் சொல்ல நினைக்கிறேன்.

முடியின் நிறமும் மனிதர்கள் கட்டிய கதைகளும்

அன்பிற்கினியவர்களே! முடிக்கு ஏன் நிறம்? தலைமுடியின் வேரில் இருக்கும் சில செல்கள் மெலனின் என்ற நிறப்பொருளை உண்டாக்குகின்றன. அது எவ்வளவு, எந்த வகை என்பதைப் பொறுத்து ஒருவருக்குக் கறுப்பு, ஒருவருக்குப் பழுப்பு, ஒருவருக்குச் செம்மை, ஒருவருக்குப் பொன்னிறம். வயதாக ஆக அந்தச் செல்கள் ஓய்ந்துவிடுகின்றன, முடி வெளுக்கிறது. இவ்வளவுதான் விஷயம். உங்களுடைய மொழிகளும் நிறங்களும் வேறுபட்டிருப்பது தனது அத்தாட்சிகளில் ஒன்று என்று ரூம் அத்தியாயத்தின் 22-வது வசனத்தில் அல்லாஹ் கூறுகிறான்.

அல்லாஹ் அத்தாட்சியாக வைத்ததை மனிதர்கள் என்ன செய்தார்கள்? உயர்வு தாழ்வாக்கினார்கள். ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகளாகச் செம்பட்டை முடிக்காரர்களைச் சந்தேகக் கண்ணோடு பார்த்தார்கள். ஈஸா (அலை) அவர்களைக் காட்டிக் கொடுத்தவன் என்று கிறிஸ்தவர்கள் சொல்லும் யூதாஸை, ஓவியர்கள் பலர் சிவந்த முடியோடு வரைந்தார்கள். அவன் முடி என்ன நிறம் என்று யார் பார்த்தார்கள்? துரோகிக்கு ஒரு அடையாளம் தேவைப்பட்டது. முடியின் நிறத்தைப் பிடித்துக்கொண்டார்கள். நம் ஊரிலும் ஒரு பிள்ளைக்கு முடி கொஞ்சம் பழுப்பாக இருந்தால் பள்ளிக்கூடத்தில் 'செம்பட்டை' என்றுதான் கூப்பிடுகிறார்கள். அந்தப் பிள்ளை தானாகத் தேர்ந்தெடுத்த நிறமா அது?

நிறத்தை மாற்றும் ஆசையும் இன்று நேற்று வந்ததல்ல. எகிப்தை ஆண்ட இரண்டாம் ராம்சேஸ் என்ற ஃபிர்அவ்னின் உடலை 1976-ஆம் ஆண்டு பாரிஸ் நகரத்துக்குக் கொண்டுபோய் ஆராய்ந்தார்கள். மூவாயிரம் வருடங்களுக்கு முன், சுமார் தொண்ணூறு வயதில் இறந்தவர் அவர். இயல்பிலேயே செம்மை முடிக்காரர் என்று அந்த ஆய்வில் முடிவுக்கு வந்தார்கள். கிழவராகி வெளுத்துப்போன அவரது முடிக்குச் செம்மைச் சாயம் ஏற்றப்பட்டிருந்தது. கப்ருக்குப் போகும் போதும் ஒரு மன்னரின் நரைக்குச் சாயம்!

ரோம் நாட்டில் கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த பிளினி என்ற அறிஞர், முடியைக் கறுப்பாக்க அக்காலத்தவர் செய்த பக்குவத்தை எழுதி வைத்திருக்கிறார். அட்டைப் பூச்சிகளைப் புளிக்காடியில் வாரக்கணக்கில் ஊறப்போட்டு, அழுகிய பின் வெயிலில் உட்கார்ந்து தலையில் தேய்க்க வேண்டுமாம். தேய்க்கும்போது வாயில் எண்ணெயை அடக்கிக்கொள்ள வேண்டுமாம்; இல்லாவிட்டால் பல்லும் கறுத்துவிடுமாம்! சிரிக்கிறோம். ஆனால் அந்த மனிதன் எதற்குப் பயந்து அட்டையைத் தலையில் தேய்த்தான்? நாம் பயப்படும் அதே ஒன்றுக்குத்தான். வயதாகிவிட்டது என்று அடுத்தவர் தெரிந்துகொள்வார்களே என்ற பயம்.

நம் குற்றாலத்துக்கு வருவோம். பேரருவிக்குப் போகும் பாதையில் எண்ணெய் தேய்த்து விடுகிறவர்களும் மூலிகைக் கடைகளும் உண்டு. கரிசலாங்கண்ணி, நெல்லி, மருதாணி, அவுரி என்று நல்ல மூலிகைகள் இருக்கின்றன. உடம்புக்குக் குளிர்ச்சி, முடிக்கு நலம். அதில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் இந்தப் பொதிகை மலையைச் சுற்றி ஒரு பழைய நம்பிக்கை உலவுகிறது. மலையில் எங்கோ ஒரு கற்ப மூலிகை இருக்கிறது. அதைச் சாப்பிட்டால் நரை, திரை, மூப்பு மூன்றும் அண்டாது. சித்தர்கள் அப்படித்தான் நூற்றுக்கணக்கான வருடம் வாழ்ந்தார்கள் என்று சொல்வார்கள். இன்றும் அந்த ஆசையைச் சீசா சீசாவாக விற்கிறவர்கள் உண்டு.

ஜமாஅத்தார்களே! நோய்க்கு மருந்து தேடச் சொன்னவர்கள் நபி (ஸல்) அவர்கள். அல்லாஹ் எந்த நோயை இறக்கினாலும் அதற்கு மருந்தையும் இறக்கியிருக்கிறான், முதுமை ஒன்றைத் தவிர என்றும் அவர்களே சொன்னார்கள். (திர்மிதீ, அபூதாவூத்). முதுமைக்கு மருந்து பொதிகையிலும் இல்லை, வேறெந்த மலையிலும் இல்லை. பலவீனத்தில் படைத்து, பின்பு பலத்தைக் கொடுத்து, அதன் பிறகு பலவீனத்தையும் நரையையும் கொடுப்பவன் தானே என்று ரூம் அத்தியாயத்தின் 54-வது வசனத்தில் அல்லாஹ் சொல்லிவிட்டான். நரையை அவன் கொடுக்கிறான் என்பதைக் கவனியுங்கள்.

முதல் நரையைக் கண்டவர்கள்

முதல் வெள்ளை முடியைக் கண்டதும் மனிதன் திடுக்கிடுகிறான். இது எல்லாச் சமுதாயத்தின் கதைகளிலும் இருக்கிறது. பௌத்தர்களின் ஜாதகக் கதைகளில் மகாதேவன் என்று ஒரு மன்னன் வருகிறான். தலையில் வெள்ளை முடி தெரிந்தால் உடனே சொல் என்று நாவிதரிடம் சொல்லி வைத்திருந்தான். ஒருநாள் நாவிதர் ஒரு நரைமுடியைப் பிடுங்கிக் கையில் வைத்தார். மன்னன் அரசை மகனிடம் ஒப்படைத்துவிட்டுத் துறவு பூண்டான் என்று கதை போகிறது. காளிதாசர் ரகுவம்சத்தில், காதோரம் நரையாக வந்த முதுமை, பட்டத்தை மகனுக்குக் கொடு என்று தசரதனின் காதில் ரகசியம் சொன்னதாகக் கற்பனை செய்கிறார். இவை நம் அகீதாவோ ஆதாரமோ அல்ல. நரை ஒரு செய்தி கொண்டு வருகிறது என்பதை எல்லா மனிதரும் உணர்ந்திருக்கிறார்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

நமது மார்க்கத்தில் அந்த முதல் நரை யாருடையது தெரியுமா? ஹஜ்ரத் இப்ராஹீம் (அலை) அவர்களுடையது. இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் ஸஈத் இப்னுல் முஸய்யப் (ரஹ்) அவர்கள் வழியாக வருகிறது: விருந்தாளியை முதன்முதலில் உபசரித்தவரும், முதன்முதலில் நரையைக் கண்டவரும் இப்ராஹீம் நபிதான். அந்த நரையைப் பார்த்ததும், "இறைவா, இது என்ன?" என்று கேட்டார்கள். இது கண்ணியம் என்று பதில் வந்தது. உடனே அவர்கள் கேட்ட துஆ என்ன? இதை நீக்கிவிடு என்றா? இல்லை. அந்தக் கண்ணியத்தை எனக்கு அதிகப்படுத்து என்று கேட்டார்கள்.

வெள்ளை முடி அதேதான். நாம் அதைக் குறை என்கிறோம். கலீலுல்லாஹ்வுக்கு அது வகார், கண்ணியம் என்று அறிவிக்கப்பட்டது.

ஜக்கரிய்யா (அலை) அவர்களைப் பாருங்கள். பிள்ளை கேட்டு துஆச் செய்யும்போது, என் எலும்புகள் பலவீனமாகிவிட்டன, என் தலை நரையால் பற்றியெரிகிறது என்ற கருத்தில் அல்லாஹ்விடம் முறையிட்டதை மர்யம் அத்தியாயத்தின் தொடக்கத்தில் ஓதுகிறோம். நரையை அவர்கள் மறைக்கவில்லை. அதையே எடுத்துக் காட்டி, ரப்பிடம் சிபாரிசு போல முன்வைத்தார்கள். அல்லாஹ் யஹ்யா (அலை) அவர்களைக் கொடுத்தான்.

அப்துல் முத்தலிபின் சாயம்

நபி (ஸல்) அவர்களின் பாட்டனார் அப்துல் முத்தலிப். அவர்களது இயற்பெயர் ஷைபா. பிறக்கும்போதே தலையில் வெள்ளை முடி இருந்ததால் அந்தப் பெயர் வைத்தார்கள் என்று சீரா நூல்கள் சொல்கின்றன. ஷைபா என்றாலே நரை. குறைஷிகளின் தலைவர் பெயரே நரை!

அவர்களைப் பற்றி இப்னு ஸஅத் அவர்களின் நூலில் ஒரு செய்தி உண்டு. யமனுக்குப் போனபோது அங்கே ஹிம்யர் குலத்துப் பெரியவர் ஒருவர், உமது வெண்முடியைக் கறுப்பாக்கித் தரட்டுமா என்று கேட்டாராம். வஸ்மா என்ற இலையின் சாயத்தை அப்படித்தான் மக்காவுக்குக் கொண்டுவந்தார்கள். காக்கை நிறத் தலையோடு வந்தவரைப் பார்த்து அவரது மனைவி, இது இப்படியே நிலைத்தால் எவ்வளவு அழகு என்றார். அதற்கு அப்துல் முத்தலிப், நிலைத்தால் நல்லதுதான். ஆனால் வாழ்நாளோ குறைவு, மரணமோ நிச்சயம் என்ற கருத்தில் கவி சொன்னார் என்று வருகிறது. சாயம் பூசிய முதல் நாளிலேயே சாயம் நிற்காது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

கவலை இல்லாதவரும் கவலைப்பட்டவரும்

இப்போது இன்றைய பேச்சின் மையத்துக்கு வருகிறேன். கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள்.

நம் பாண்டிய நாட்டில் சங்க காலத்தில் பிசிராந்தையார் என்று ஒரு புலவர் இருந்தார். கோப்பெருஞ்சோழனின் நண்பர். வயது நிறைய ஆகியும் அவருக்கு நரை இல்லை. எப்படி என்று கேட்டார்கள். புறநானூற்றின் 191-வது பாடலில் அவர் காரணம் சொல்கிறார். மனைவி நல்லவள், மக்கள் அறிவு நிரம்பியவர்கள், ஏவலர்கள் என் மனம் போல நடப்பவர்கள், மன்னன் தவறு செய்யாமல் காக்கிறான், என் ஊரில் பண்பட்ட சான்றோர் பலர் இருக்கிறார்கள் என்பது அதன் சாரம். அதாவது, என்னைக் கவலைப்பட வைக்க யாரும் இல்லை; அதனால் நரை இல்லை.

மன அழுத்தம் முடியை வெளுக்க வைக்கும் என்பதை இன்றைய விஞ்ஞானமும் மறுக்கவில்லை. 2020-ல் ஹார்வர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எலிகளை வைத்துச் செய்த சோதனையில், கடும் நெருக்கடி ஏற்படும்போது நரம்புகள் வெளியிடும் ஒரு ரசாயனம், முடிக்கு நிறம் கொடுக்கும் மூலச் செல்களைத் தீர்த்துவிடுவதைக் கண்டறிந்தார்கள். மனிதனுக்கு நரை வர வயது, பரம்பரை என்று பல காரணங்கள் உண்டு. அதில் பட்ட பாட்டுக்கும் ஒரு பங்கு இருக்கலாம்.

பிசிராந்தையாருக்குக் கிடைத்தது பெரிய பாக்கியம்தான். நல்ல மனைவி, நல்ல மக்கள், நல்ல ஊர்: நாமும் அதைத்தான் அல்லாஹ்விடம் கேட்கிறோம். ஆனால் நம் நாயகம் (ஸல்) அவர்களின் முடியைப் பாருங்கள். அவர்கள் வஃபாத்தாகும் போது தலையிலும் தாடியிலும் சேர்த்து இருபது நரைமுடிகள்கூட இல்லை என்று அனஸ் (ரலி) அவர்கள் கூறுவது புகாரியில் இருக்கிறது. அறுபத்து மூன்று வயதில் இருபதுக்கும் குறைவு! எண்ணிச் சொல்லக்கூடிய அளவுக்கு அந்தத் தோழர்கள் அந்த முகத்தைப் பார்த்திருக்கிறார்கள்.

அந்தச் சில முடிகளைப் பார்த்தே அபூபக்ர் (ரலி) அவர்கள் கலங்கினார்கள். "யா ரஸூலல்லாஹ், உங்களுக்கு நரைத்துவிட்டதே!" என்றார்கள். அதற்கு நபியவர்கள், ஹூத், வாகிஆ, முர்ஸலாத், அம்ம யதஸாஅலூன், இதஷ்ஷம்ஸு குவ்விரத் ஆகிய அத்தியாயங்கள் தம்மை நரைக்க வைத்துவிட்டதாகச் சொன்னார்கள். (திர்மிதீ). அந்த அத்தியாயங்களில் என்ன இருக்கிறது? அழிந்துபோன சமுதாயங்களின் வரலாறு இருக்கிறது. மறுமை நாளின் திடுக்கம் இருக்கிறது. ஏவப்பட்டபடி நீரும், உம்மோடு திரும்பியவர்களும் உறுதியாக நில்லுங்கள் என்ற கட்டளை ஹூத் அத்தியாயத்தில் இருக்கிறது. தன்னை மட்டும் காப்பாற்றிக்கொண்டால் போதும் என்றால் நபிக்கு என்ன கவலை? கூட இருப்பவர்களும் நிற்க வேண்டுமே, பின்னால் வரப்போகும் நீங்களும் நானும் நிற்க வேண்டுமே என்ற கவலை! குழந்தைகளையே நரைத்தவர்களாக்கிவிடும் நாள் என்று முஸ்ஸம்மில் அத்தியாயம் சொல்கிற அந்த நாளில் இந்த உம்மத்து என்ன ஆகும் என்ற கவலை!

சகோதரர்களே! புலவருக்கு நரை வரவில்லை. அவரைச் சுற்றியிருந்தவர்கள் அவருக்குப் பாரம் கொடுக்கவில்லை. நபிக்கு நரை வந்தது; அவர்கள் அடுத்தவர்களின் பாரத்தைச் சுமந்தார்கள். இரண்டில் எது உயர்ந்தது என்று நீங்களே சொல்லுங்கள்.

மார்க்கச் சட்டம் என்ன?

சட்டத்தையும் தெளிவாகத் தெரிந்துகொள்வோம்.

நரைத்த முடிக்குச் சாயம் போடலாமா? போடலாம். யூதர்களும் கிறிஸ்தவர்களும் சாயம் போடுவதில்லை, அவர்களுக்கு மாறு செய்யுங்கள் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இருக்கிறது. அபூபக்ர் (ரலி) அவர்கள் மருதாணியும் கதமும் கலந்து பூசினார்கள்; உமர் (ரலி) அவர்கள் மருதாணி மட்டும் பூசினார்கள் என்று முஸ்லிமில் வருகிறது. கதம் என்பது யமன் பகுதியில் விளையும் ஒரு செடி. மருதாணியோடு சேர்ந்தால் கருஞ்சிவப்பு நிறம் தரும். நரையை மாற்றுவதில் சிறந்தது இவ்விரண்டும்தான் என்று ஹதீஸ் உண்டு. (அபூதாவூத், திர்மிதீ).

கறுப்புச் சாயம்? மக்கா வெற்றியின் நாளில் அபூபக்ர் (ரலி) அவர்களின் தந்தை அபூகுஹாஃபா அழைத்து வரப்பட்டார். தலையும் தாடியும் வெள்ளைப் பூவைப் போல வெளுத்திருந்தன. இதை எதைக் கொண்டாவது மாற்றுங்கள், கறுப்பைத் தவிருங்கள் என்றார்கள் நபியவர்கள். (முஸ்லிம்). இதை வைத்து, கறுப்பு ஹராம் என்பதே சரியானது என்று ஷாஃபிஈ மத்ஹபில் இமாம் நவவீ (ரஹ்) முடிவு செய்கிறார்கள். ஹனஃபி மத்ஹபில் மக்ரூஹ் என்பது பெரும்பாலோர் கருத்து. மனைவிக்காக அலங்கரித்துக்கொள்வதில் தவறில்லை என்ற கருத்து இமாம் அபூயூசுஃப் (ரஹ்) அவர்களைத் தொட்டு வருகிறது. பேணுதல் எது? சுத்தக் கறுப்பை விட்டுவிட்டு மருதாணிச் சிவப்போ பழுப்போ போட்டுக்கொள்வது. நரைமுடியைப் பிடுங்குவதும் கூடாது. அது முஸ்லிமுக்கு மறுமையில் ஒளி என்று ஹதீஸில் வந்திருக்கிறது. (அபூதாவூத்).

இன்னும் இரண்டு விஷயம். மருதாணி நிறத்தை மட்டும் தரும், தண்ணீரைத் தடுக்காது. சில பூச்சுகள் முடி மேல் படலமாக ஒட்டிக்கொள்ளும். அப்படிப்பட்டது இருந்தால் குளிப்பும் ஒளுவும் கூடுமா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். அடுத்தது உயிர் சம்பந்தப்பட்டது. கடையில் விற்கும் கறுப்பு டைகள் பலவற்றில் பிபிடி என்று சுருக்கமாகச் சொல்லப்படும் ரசாயனம் இருக்கிறது. சிலருக்கு அது முகத்தையும் தலையையும் வீங்க வைக்கும். வாய் வழியாக உள்ளே போனால் தொண்டை வீங்கி மூச்சை அடைக்கும்; சிறுநீரகத்தைக் கெடுக்கும்; உயிரையே குடிக்கும். பிள்ளைகள் கைக்கு எட்டும் இடத்தில் வைக்காதீர்கள். சீக்கிரம் சிவக்க வேண்டும், கறுக்க வேண்டும் என்று பெருநாளைக்குக் குழந்தைகள் கையில் போடும் 'கறுப்பு மருதாணி'யிலும் அது கலந்திருக்கலாம். வீட்டு மருதாணியை அரைத்துப் போடுங்கள்.

ஏமாற்று எங்கே ஆரம்பிக்கிறது?

சட்டத்தின் உயிர் எங்கே இருக்கிறது தெரியுமா? ஏமாற்றாதே என்பதில்.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) இஹ்யாவில் ஒரு சம்பவம் எழுதுகிறார்கள். உமர் (ரலி) அவர்களின் காலத்தில் ஒருவர் கறுப்புச் சாயம் பூசிக்கொண்டு நிகாஹ் செய்தார். சாயம் கலைந்து நரை தெரிந்தது. பெண் வீட்டார் கலீஃபாவிடம் முறையிட்டார்கள். வாலிபன் என்று காட்டி அந்த மக்களை ஏமாற்றிவிட்டாய் என்று கண்டித்து அந்த நிகாஹை ரத்துச் செய்தார்கள் உமர் (ரலி).

இது பழங்கதை அல்ல. நான் நிகாஹ் ஓதி வைத்த ஓர் இடத்திலேயே இது நடந்திருக்கிறது. மாப்பிள்ளைக்கு முப்பத்திரண்டு என்றார்கள். பார்க்கவும் அப்படித்தான் இருந்தார். மூன்று மாதம் கழித்துப் பெண்ணின் வாப்பா என்னிடம் வந்து உட்கார்ந்தார். "வயசு கூடன்னு முன்னாடியே சொல்லியிருந்தாக்கூட யோசிச்சுக் கட்டிக் கொடுத்திருப்பேன் ஹஜ்ரத். பொய் சொல்லிட்டாங்களே" என்றார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அதன் பிறகு வயதுச் சான்றைப் பார்க்காமல் நான் நிகாஹ் ஓதுவதில்லை. ஏமாற்றுகிறவர் நம்மைச் சார்ந்தவர் அல்லர் என்று நபியவர்கள் சந்தையில் ஒரு தானிய வியாபாரியிடம் சொன்னார்கள். (முஸ்லிம்). நனைந்த தானியத்தை அடியில் மறைத்ததற்கே அந்த வார்த்தை என்றால், ஒரு பெண்ணின் வாழ்க்கையில் மறைப்பதற்கு என்ன வார்த்தை?

இதற்கு நேர் எதிரான ஏமாற்றும் உண்டு. கரிகால் சோழன் சிறுவயதில் அரியணை ஏறியவன். வழக்குக் கொண்டுவந்த முதியவர்கள், இந்தச் சிறுவனா தீர்ப்புச் சொல்வான் என்று தயங்கினார்களாம். உடனே அவன் நரைமுடி வைத்து முதியவன் போல வேடமிட்டு வந்து, நியாயமான தீர்ப்பைச் சொன்னான் என்று தமிழில் ஒரு பழங்கதை உண்டு. பழமொழி நானூறு அதைக் குறிப்பிடுகிறது. மன்னனின் நோக்கம் நல்லதுதான். ஆனால் மக்கள் நரையை நம்பினார்களே தவிர நியாயத்தை நம்பவில்லை. நம் இமாம்கள் இதையும் கவனித்தார்கள். மதிப்பு வேண்டும் என்பதற்காகக் கந்தகத்தைப் பூசித் தாடியை வெளுப்பாக்குவதும் வெறுக்கத்தக்கதே என்று இமாம் கஸ்ஸாலி எழுதுகிறார்கள்.

அப்படியானால் இளவயதுக்காரர் என்ன செய்வது? யஹ்யா இப்னு அக்ஸம் (ரஹ்) இருபத்தோரு வயதில் காஜியானார்கள். "காஜிக்கு வயது என்னவோ?" என்று சபையில் ஒருவர் குத்தலாகக் கேட்டார். நபி (ஸல்) அவர்கள் மக்காவுக்கு ஆளுநராக நியமித்தபோது அத்தாப் இப்னு அஸீத் (ரலி) அவர்களுக்கு என்ன வயதோ அந்த வயது என்றார்கள். கேட்டவர் வாயடைத்தார். வேடம் தேவைப்படவில்லை. இளைஞர்களே! உங்கள் கறுப்பு முடியோடு தகுதியானவர்களாக இருங்கள். பெரியவர்களே! உங்கள் வெள்ளை முடியோடு உண்மையானவர்களாக இருங்கள்.

நரைக்கு நாம் தர வேண்டியது

நரை வந்தவருக்கு அது ஓர் எச்சரிக்கை. எச்சரிக்கை செய்பவர் உங்களிடம் வரவில்லையா என்று நரகவாசிகளிடம் கேட்கப்படுவதாக ஃபாத்திர் அத்தியாயத்தின் 37-வது வசனத்தில் வருகிறது. அந்த எச்சரிக்கையாளர் நரைதான் என்று விரிவுரையாளர்களில் சிலர் சொல்கிறார்கள். அறுபது வயதுவரை ஆயுளைக் கொடுத்தவனிடம் அல்லாஹ் சாக்குப்போக்கு எதையும் மிச்சம் வைக்கவில்லை என்று புகாரியில் ஹதீஸ் இருக்கிறது. செய்தி கொண்டு வந்தவரை வாசலில் நிறுத்திவிட்டு, அவர் முகத்தில் கறுப்புப் பூசினால் செய்தி மாறிவிடுமா? விட்டுப்போன தொழுகை, கொடுக்க வேண்டிய கடன், பேசாமல் விட்ட சொந்தம்: நரை இவற்றைத்தான் நினைவுபடுத்த வருகிறது.

நரையைப் பார்ப்பவருக்கு அது ஒரு கடமை. நரைத்த முஸ்லிமைக் கண்ணியப்படுத்துவது அல்லாஹ்வைக் கண்ணியப்படுத்துவதில் ஒரு பகுதி என்றார்கள் நபியவர்கள். (அபூதாவூத்). சிறியவருக்கு இரக்கம் காட்டாதவரும் பெரியவரைக் கண்ணியப்படுத்தாதவரும் நம்மைச் சார்ந்தவர் அல்லர் என்றும் சொன்னார்கள். (திர்மிதீ). நம் வீடுகளில் என்ன நடக்கிறது? கல்யாண ஃபோட்டோவில் வாப்பாவைப் பின்வரிசைக்குத் தள்ளுகிறோம். "டை அடிச்சுட்டு வாங்க, மாப்பிள்ளை வீட்டுக்காரங்க என்ன நினைப்பாங்க" என்கிறோம். அந்த நரை எங்கே வந்தது? உன் ஸ்கூல் ஃபீஸில் வந்தது. உன் தங்கையின் நிகாஹில் வந்தது. நீ காய்ச்சலில் கிடந்த இரவில் வந்தது.

அன்றைக்கு சலூனில் சந்தித்த அந்தச் சகோதரர் இந்த ஸஃபில் இருக்கலாம். இல்லாவிட்டால் இதை வாசிக்கலாம். அவருக்கு நான் சொல்லாமல் விட்டதை இப்போது சொல்கிறேன். தம்பி, நீங்கள் உங்கள் உம்மாவை ஏமாற்ற நினைக்கவில்லை. அவர்கள் அழக்கூடாது என்று நினைத்தீர்கள். அந்த நிய்யத்தை அல்லாஹ் அறிவான். ஆனால் சாயம் மூன்று வாரத்தில் வேரிலிருந்து வெளுக்கும். உம்மாவின் கை உங்கள் தலையைத் தடவும்போது அது தெரிந்துவிடும். அடுத்த முறை வரும்போது அப்படியே வீட்டுக்குப் போங்கள். உம்மா அழட்டும். அந்த அழுகையில் வரும் துஆவை எந்த டைப் பெட்டியிலும் வாங்க முடியாது. வேண்டுமானால் அதன் பிறகு வீட்டு மருதாணியை அவர்கள் கையாலேயே பூசச் சொல்லுங்கள். அது ஸுன்னத்தும் ஆகும்.

இதை வீட்டிலிருந்து கேட்கும் தாய்மார்களே, சகோதரிகளே! வெளிநாட்டிலிருந்து பிள்ளை வருகிறான், கணவர் வருகிறார் என்றால் கொண்டுவந்த பெட்டியைப் பார்க்கும் முன் அவர் தலையைப் பாருங்கள். "என்ன இப்படி வயசாயிப் போச்சு" என்று சொல்லாதீர்கள். "எங்களுக்காக நரைச்சுப் போச்சே, அல்லாஹ் இதை ஒளியாக்குவான்" என்று சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தை போதும்.

யா அல்லாஹ்! இப்ராஹீம் நபிக்கு நரையைக் கண்ணியமாக்கியது போல எங்கள் நரையையும் கண்ணியமாக்குவாயாக! எங்கள் பெற்றோரின் நரையை மறுமையில் ஒளியாக்குவாயாக! குடும்பத்துக்காகத் தூர தேசங்களில் பாடுபடும் எங்கள் சகோதரர்களின் உடலையும் ஈமானையும் பாதுகாப்பாயாக! நரை சொல்லும் செய்தியைக் கேட்டு, மரணத்துக்கு முன் தவ்பாச் செய்யும் பாக்கியத்தை எங்கள் அனைவருக்கும் தந்தருள்வாயாக! ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வ ஆகிரு தஃவானா அனில் ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன்.